ஒன்பதாம் படி

கடைக்காரன் நிறங்களுக்குச் சொன்ன பெயரெல்லாம்
பசியைக் கிளப்பின.
காளான். ஓட்ஸ் கஞ்சி. பாதாம். கருகிய சீனி.
"சும்மா சாம்பல் இல்லையா?" என்றேன்.
"ஈர மணல் இருக்கிறது" என்றான்
நெஞ்சில் டெரன்ஸ் என்று குத்தியிருந்தவன்.

உள்ளங்கையளவில் ஐந்து துண்டுகள்
மூன்று கிழமையாய்க் கூடத்தில் கிடந்தன.
ஸ்விண்டனில் நாலு மணிக்கே இருட்டிவிடும்;
விளக்கு வெளிச்சத்தில் காளானும் கஞ்சியும் ஒன்று.
நான் வேறு சோதனை வைத்தேன்:
ஆளுக்கொரு கரண்டி பருப்புக்கறி,
ஓரிரவு ஊறல்,
பிறகு சோப்பும் வெந்நீரும்.
பாதாம் மஞ்சள் பூசிக்கொண்டது. கஞ்சி படுதோல்வி.
கருகிய சீனி மட்டும்
ஒன்றுமே தின்னாதது போல் இருந்தது.

"உமக்குப் பிடிச்சால் சரி" என்றார் தயாபரன்,
போனில், பார்சல் கிடங்கிலிருந்து.
விலைக்கும் அதே பதில். அடிவிரிப்பின் தடிப்புக்கும் அதே.

அவருக்குப் பின்னேர வேலை.
எனக்கு விடிய ஐந்துக்கு முதியோர் இல்லம்.
கிழமையில் ஆறு நாள்
ஒருவரின் தூக்கத்தை மற்றவர் கடந்துபோகிறோம்.

லெஷெக் வந்து பழையதை உரித்தான்.
ஒரு இரண்டு பென்ஸ், ஒரு கொண்டை ஊசி,
பலகையில் யாரோ பென்சிலால் போட்ட
அகலந்தர நீளம்.
விடை பிழை.
எந்த அறையில் துண்டு விழுந்ததோ.

மாடிப்படியில் ஏறியவன் நின்றான்.
"இது கத்துது" என்றான், ஒன்பதாம் படியை மிதித்து.
மறுபடி மிதித்தான்.
"ரெண்டு திருகாணி. காசு வேண்டாம்."

நான் வாய் திறந்தேன்,
மூடினேன், போனை எடுத்தேன்.

பெல்ட் ஓடும் இரைச்சலுக்குள்
"எத்தினையாம் படி?"
"ஒன்பது."
இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம்.
"அதைத் தொட வேண்டாமெண்டு சொல்லும்."

என்னிடம் அவர் இதுவரை சொன்னதில்லை.
நானுந்தான்.

லெஷெக் தோளைக் குலுக்கினான்.
முழங்காலால் உதைத்து உதைத்து
கருகிய சீனியைப் படிப்படியாய் இழுத்துப் பூட்டினான்.
வாசனைக்குத் தும்மினான். நானும் தும்மினேன்.

பன்னிரண்டே காலுக்கு
வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல
ஒரு சத்தம்.
நான் புரண்டு இடம் விட்டேன்.

அறைக் கதவு
புது விரிப்பில் தடக்கிப் பாதியில் நின்றது.
ஞாயிறு அவர் நிற்கையில்
அடியைச் சீவவேண்டும், அரை அங்குலம்.