ஒரு பல் தள்ளி

சோலூர்மட்டம் வளைவில் நான் திரும்பும்போதே
இலைக் கொட்டகைக்குத் தெரிந்துவிடும்.
தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்குவதுபோல
என் பழைய சிடி ஹண்ட்ரட்.

"டைமிங் செயின் தொங்கிப்போச்சு. பேசாம வித்துடுங்க"
என்றார் கட்டபெட்டு ஹாலன்.
விற்கவில்லை. புல்லரை மட்டும் இரவல் கேட்டேன்.
பொம்பளை ஸ்பேனர் கேட்டால் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டே,
அதையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஞாயிறு.
பனி இன்னும் முள்வேலியை விட்டு இறங்கவில்லை.
தொட்ட இரும்பெல்லாம் விரலைக் கடித்தது.
ஆயிலைச் சோற்றுக் குண்டானில் வடித்தேன்,
அந்தக் குண்டான் இனி சோற்றுக்கு ஆகாது.
மேக்னெட் வட்டு பிடிவாதம் பிடித்தது.
முறுக்க முறுக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
பிறகு ஒரு டக்.
என் வயிற்றுக்குள் கேட்டது அது.

உள்ளே, பதினெட்டு வருஷம் ஓடிய சங்கிலி.
கண்ணிக்குக் கண்ணி மயிரிழைதான் தேய்ந்திருந்தது;
எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.
புதுசோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தால்
ஒரு நெல் நீளம் கூடுதல்.
அவ்வளவுக்குத்தான் அத்தனை சத்தம்.
இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்
எப்போதோ கைவிட்டிருந்தது.
அதன் முனை ரப்பர், எலி கொறித்த சோப்பு.

புதுச் சங்கிலியைக் கம்பியில் கோத்து மேலே இழுத்தேன்.
கீழே டி என்ற கோடு, மேலே வட்டக் குறி.
கோடுகள் எனக்குப் புதிதா?
தராசு முள் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று
பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற கண்.

உதைத்தேன்.
கிக்கர் திருப்பி உதைத்தது.
சைலன்சரில் ஒரு தும்மல், அதோடு சரி.

ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன்.
ஒரே ஒரு பல்.
பார்த்த கண்ணுக்கு எல்லாம் நேராகத்தான் இருந்தது.
கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு
மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்,
டார்ச்சை வாயில் கவ்வி,
வட்டை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி,
குறி குறியோடு வந்து நிற்கிறதா என்று
நம்பாமல் மூன்றாவது தடவையும் பார்த்து.

இரவு எட்டரைக்கு ஓடியது.
பக்கத்து வீட்டு சீரியல் வசனம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு
மெதுவாக.

திங்கள். நல்ல வெயில்.
வளைவில் திரும்பினேன்; கொட்டகைக்குத் தெரியவில்லை.
சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டே வந்தேன்.
மூட்டைமேல் சாய்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மரகதம்:

"மழை பெஞ்சா ஈரத்துக்கு ரெண்டு கிலோ. சரி.
வெயில் காஞ்சாலும் ரெண்டு கிலோ.
யாரு வீட்டு ஈரம்டி அது?"

"பாவம், அது என்ன பண்ணும். ஃபாக்டரி சொல்றத எழுதுது."
இது செபஸ்தியம்மா.

"எழுதுற கை அதோடதுதான?"

ஸ்டாண்டைக் காலால் தள்ளினேன். கிறீச்.
எல்லாரும் எழுந்து பாவாடையைத் தட்டினார்கள்.
"வந்தாச்சா அக்கா? வண்டிச் சத்தமே கேக்கலியே!"
எனக்குக் கேட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் மூட்டை மரகதத்தினுடையது.
கொக்கியில் மாட்டினேன்.
முள் ஆடி, ஆடி, இருபத்து மூன்றில் நின்றது.
எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்,
நகத்தடியில் இன்னும் ஆயில் கருப்பு.

இருபத்து மூன்று என்று எழுதினேன்.
கழிவுக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஃபாக்டரி திருப்பி உதைக்கும்.
தெரியும்.