பின்பக்கமாக இறங்குதல்

மூன்று பேருக்கு எடுத்த அறை.
வார்டில் ஆள் போதவில்லையென்று
கோதை கடைசி நேரத்தில் நின்றுகொண்டாள்.
"ரெண்டு ராத்திரிதானே, சமாளிங்க" என்று
மருந்துப் பெட்டியையும் அவள் அப்பாவையும்
மரினா பே கப்பல் முனையத்தில்
என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எங்கும் போகாத கப்பல் அது.
வெள்ளி மாலை கிளம்பி
நீரிணையில் ஒரு சுற்றுச் சுற்றி
ஞாயிறு காலை
கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்.
"லூப் சர்வீஸ்" என்றார் மாமா.
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
அந்த வாரத்தில்
என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சரிவுப் பாதையில் தள்ளுகிறேன்.
எனக்கு முன்னால் அவர் பின்னந்தலை:
நடுவில் சொட்டை, சுற்றிலும் ஒட்ட வெட்டிய வெள்ளை,
வலக்காதுக்குப் பின்னால் பழைய தையல் தழும்பு.
இருபத்தேழு வருட மருமகன்,
இன்றுதான் பார்க்கிறேன்.
என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று
தொண்ணூற்றெட்டில் ஒருமுறை கேட்டார்.
சொன்னேன்.
பிறகு அவர் அதிகம் கேட்டதில்லை.

"வளைவை அகலமா எடு.
பின்சக்கரம் இடிக்கும்."

இடித்தது.

லிஃப்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி.
இரண்டு முகமும் ஒரே சட்டத்துக்குள்.
இருவருமே மாடி எண்களைப் பார்த்தோம்.
ஏழு. எட்டு. ஒன்பது.

ஆபத்துப் பயிற்சி. ஆரஞ்சு உடுப்பு.
அவசரத்தில் லிஃப்ட் ஓடாது என்றாள் மணிலாப் பெண்.
வைரக்கண்ணு கையைத் தூக்கினார். "அப்ப நான்?"
"நாலு பேர் வந்து தூக்குவாங்க, மிஸ்டர் வைரா."
"எப்படியும் நாலு பேர்தான்" என்றார்
தமிழில், எனக்கு மட்டும்.

இரவு, குளியலறையில் தூக்கி உட்காரவைக்கையில்
என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.
கோடாலித் தைல வாசனை.
சுவரில் வெந்நீர் எச்சரிக்கை.
இருவரும் அதையே கவனமாக வாசித்தோம்,
தெரியாத மொழிகளிலும்.

மறுநாள் மேல்தளம்.
கைப்பிடிக் கட்டை சரியாக அவர் கண்மட்டத்தில்.
நின்றால் கடல்.
உட்கார்ந்தால் வார்னிஷ் அடித்த மரம்,
அதற்குக் கீழே கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
கொஞ்சம் நீலம்.
இடம் மாற்றினேன். மறுபடியும் மாற்றினேன்.
"விடு. இங்கேயே பிரேக்கைப் போடு."

போட்டேன்.
உள்ளே யாரோ கரவோக்கேயில்
ஒரு கான்டனீஸ் பாட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கட்டையிடம் பேசுவதுபோல் சொன்னார்:
"உங்க கல்யாணத்தன்னிக்கு லீவு போட்டேன்.
கேனிங் ரைஸ் வரைக்கும் வந்தேன்.
பதிவகத்துக்குக் கீழேயே நின்னேன்.
மேல ஏறல."

கப்பல் எதற்கோ ஒருமுறை ஊதியது.

"அன்னிக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

முன்னால் போய் அந்த முகத்தைப் பார்த்திருக்கலாம்.
போகவில்லை.
சொட்டையில் வெயில் படுகிறதே என்று
என் தொப்பியைக் கழற்றி வைத்தேன்.
அவருக்கு அது கொஞ்சம் பெரிது.

"அன்னிக்கு மழை" என்றேன், வெகுநேரம் கழித்து.
"தூறல்" என்றார்.

ஞாயிறு. இறங்கும் சரிவு செங்குத்து.
இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி
பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும்;
கோதை பழக்கிவிட்டிருக்கிறாள்.
அவர் எடையெல்லாம் என் மார்பில்.
எங்கள் இருவருக்கும் எதிரே கப்பல்,
எங்கேயும் போய்வராத முகத்தோடு.

"மெதுவா. பின்னாடி ஆள் வருது."
"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"
"பெட்டி உருள்ற சத்தம்.
எடப்பக்கம் ஒதுங்கு."
ஒதுங்கினேன். ஒரு குடும்பமே கடந்துபோனது.

டாக்சி வரிசையில் கோதையின் அழைப்பு.
"கடல் பார்த்தீங்களாப்பா?"
"கட்டையைப் பார்த்தேன்" என்றார்.

தொப்பியைத் திருப்பித் தரவில்லை.