பக்கம் முப்பத்தெட்டு

எஸ்பியர்க் துறைமுகத்தில் என் மேசை.
கப்பல் எந்திரங்களைக் குளிர்விக்கும் பம்புகளைச்
செய்பவர்கள் கீழ்த்தளத்தில்.
அவற்றைச் சொற்களாக்குபவள் நான்,
மேலே, சூடேற்றி பழுதான அறையில்.

சென்ற கூட்டத்தில் யெப்பெ சொன்னான்:
கையேட்டை இனி யார் புரட்டுகிறார்கள்?
நான்கு நிமிட வீடியோ போதும்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும்தான் ஆட்டினேன்.

வீடியோ அழகு. மறுக்கவில்லை.
'சற்றே சாய்த்து, உள்ளே செருகவும்' என்று
நான் அரைப் பக்கம் திணறியதை
அவன் மணிக்கட்டு ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.
ஆனால் இரண்டாம் நிமிடம், பத்தாம் நொடியில்
அதே மணிக்கட்டு
நட்டை மறைக்கிறது.

பிப்ரவரி. பரோயே தீவுகளுக்கு வடக்கே
ஒரு மீன்பிடிக் கப்பல்.
எந்திர அறையில் ரன்வா,
முழங்கை வரை கிரீஸ்.
பம்பு நின்றுவிட்டது. வெப்பமானியின் முள்
சிவப்பை எட்டிப் பார்க்கிறது.
கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த வீடியோவை
மூக்கு நுனியால் நிறுத்தினாள்,
மூக்கு நுனியால் பின்னுக்குத் தள்ளினாள்.
எத்தனை முறை பார்த்தாலும் அந்த நட்டு
யெப்பெயின் கைக்குள்ளேயே இருந்தது.

செயற்கைக்கோள் தொலைபேசி.
எங்கள் உதவி மேசையில் அன்றிரவு லோனெ.
"என்ன சத்தம் போடுகிறது?"
"போடவில்லை. நின்றுவிட்டது."
"நிற்பதற்கு முன்?"
"கூழாங்கல்லை வாயில் போட்டு உருட்டுகிற மாதிரி."
"காற்று புகுந்திருக்கிறது. உள்ளே இறகு ஒடிந்திருக்கும்"
என்றாள் லோனெ, பார்க்காமலேயே.
அதை எந்தப் படமும் சொல்லியிருக்காது,
என் எந்தப் பத்தியும்.

பிறகு மூடியின் நட்டைப் பற்றித் தொடங்கினாள்:
"அது இட..."
மீதிச் சொல்லை இரைச்சல் விழுங்கிற்று.
இடப்பக்கமா? இடது மரையா? இடறுமா?

பக்கம் முப்பத்தெட்டு:
'இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.'
ஏழு வருடம் முன்பு,
இடமில்லை, நீக்கிவிடு என்றார்கள்.
வேறொரு வரியைப் பலி கொடுத்து
இதைக் காப்பாற்றினேன்.
ரன்வா வலப்பக்கம் திருப்பினாள்.
கழன்றது.

இங்கேயே முடிந்திருந்தால்
அடுத்த கூட்டத்தில் சொல்ல எனக்கொரு கதை கிடைத்திருக்கும்.

மார்ச்சில் ஓர் உறை வந்தது.
உள்ளே பக்கம் முப்பத்தெட்டு, கிழித்தது,
காய்ந்த உப்பில் மொடமொடப்பாய்.
படி ஐந்து: மூடியைக் கழற்றவும்.
படி ஆறு: கடல்நீர் வால்வை மூடவும்.
இரண்டையும் இடம் மாற்றி ஒரு பென்சில் அம்பு.
ஓரத்தில்:
'ஆறு முதலில். முழங்கால் வரை தண்ணீர். ரன்வா.'

கண்ணால் காண்பதும் பொய்,
காதால் கேட்பதும் பொய் என்று பட்டியல் போட்டவர்கள்
எழுதுகிறவர்களை ஏன் விட்டுவைத்தார்களோ.

யெப்பெயின் படத்தில் அவன் வால்வை மூடவேயில்லை;
பட்டறையில் கடல் கிடையாது.
லோனெ கேட்டிருப்பாள், தொடர்பு அறாதிருந்தால்.

புதிய பதிப்பில் ஆறு ஐந்தாகிவிட்டது.
யெப்பெ கையை நகர்த்தி மறுபடி படம்பிடிக்கிறான்.
பழைய பிரதிகள் நானூற்றுப் பன்னிரண்டு,
எல்லாம் தண்ணீர்மேல்.
காலையிலிருந்து ஒவ்வோர் எண்ணாய் அழைக்கிறேன்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது.
எங்கோ ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு
எடுக்கிறார்.
பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்கிறேன்:
"பக்கத்தில் பென்சில் இருக்கிறதா?"