தாமான் கயிறு

ஊர்ப்பெயரில் பட்டணம் உண்டு, கடல் கிடையாது.
காவேரியும் பெயரோடு சரி.
காவேரிப்பட்டணத்தில் ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் அணை திறந்தால்.

மோட்டார் காயில் கட்டும் கடையில்
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
நூல் முறுக்குகிறேன்.
இழைகளை இடப்பக்கம், கயிற்றை வலப்பக்கம்.
ஒன்றையொன்று மறுத்தால்தான் பிரியாமல் நிற்கும்.

புளியங்கட்டையில் இருபத்திரண்டு கப்பி,
ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவு.
உள்ளே உருளை சுற்ற வேண்டும்.
சுற்றாவிட்டால் அது கப்பி இல்லை, பாசிமணி.

தூத்துக்குடித் தோணி.
கிடைத்த படத்தில் கயிறெல்லாம் கோடு.
கோட்டுக்கு முடிச்சு கிடையாது.
எது முன்னால் போனது, எது பின்னால்,
இரண்டு வருஷமாய்
யார் யாரையோ போனில் கேட்டாயிற்று.

நேற்று தாமானை இழுத்தேன்.
பருமல் கால்வாசி திரும்பி
நின்றுவிட்டது.

போர்வெல்லில் மோட்டார் இறக்குகிற ஜபருல்லா
டீயோடு குனிந்து வந்தான்.
பாய்மரம் எது என்றுகூடக் கேட்கவில்லை.
தொள்ளாயிரம் அடிக்குக் கயிறு விட்ட விரல்
ஒன்றைத் தொட்டது.
"இதுக்குச் சுமையே வரல. பக்கத்துது வாங்குது."

ஆவணியில் கட்டியது.
உள்ளே போக வேண்டியதை
வெளியே விட்டிருக்கிறேன்.
அறுத்தேன். அதோடு சேர்ந்த பதினான்கும் போயிற்று.
டீ ஆடை கட்டிக் கிடந்தது.

தை பிறந்து ஒரு ராத்திரி
டேபிள் ஃபேனை அணியத்துப் பக்கம் வைத்து
இரண்டாம் எண்ணில் திருகினேன்.
பாய் புடைத்தது.
பருமல் தானாகச் சுழன்று
தாமான் என் விரலை இழுத்தது.

திம்மராயன் தோட்டத்து
ஐந்து ஹெச்.பி. ரசீது
மேஜையிலிருந்து கிளம்பி
ஷட்டர் இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போனது.