பிரித்துப் போட்ட ஈயம்

கடல் உறைந்து கிடந்த குளிரில்
எல்மினா ரௌதாயினெனின் கையெழுத்துப் படி
கருவாட்டு வாடையோடு வந்தது.
வீப்புரித் துறைமுகத்துக்கு மேலே
இரண்டாம் மாடி, ஜன்னலோரம் என் எழுத்துப் பெட்டி.
நான் அச்சுக் கோர்ப்பவள்.
எதையும் தலைகீழாகப் படித்தே பழகியவள்.

ஆசிரியர்: எ. ரௌ. அவ்வளவுதான்.
முந்தைய நூலைப் பார்த்த பேராசிரியர்
"இளைஞர் நல்ல உழைப்பாளி" என்று எழுதியிருந்தாராம்.
அவள் திருத்தவில்லை.
அந்த இளைஞருக்குக் கிடைத்த வழிச்செலவில்
மூன்று கோடை எல்லைக் கிராமங்களில் நடந்தாள்.
ஒரு பை காப்பிக்கொட்டை, உப்பு, பதினோரு பென்சில்.

ஒப்பாரிக்காரி ஒக்செனியா
"சும்மா அழச் சொல்கிறாயே, செத்தது யார்?" என்றாள்.
இவள் கொஞ்சம் யோசித்து
"என் கல்யாணம்" என்றாள்.
பிறகு விடியும்வரை பாட்டு.
இது அடிக்குறிப்பில் இருந்தது,
இருப்பதிலேயே பொடி எழுத்தில்.

நான்காம் அத்தியாயம், திரிகைப் பாட்டு.

*கல்லே, நீயும் சுற்றுகிறாய்*
*உன்னை யாரும் மருமகளே என்பதில்லை*
*பார்லி போட்டால் மாவு தருவாய்*
*என்னைப் போட்டார்கள்*
*என்ன வந்ததென்று யாரும் சலித்துப் பார்க்கவில்லை*

இப்படி ஒன்பது பக்கம்.
புள்ளி வைத்த எழுத்துகள் தீர்ந்துபோய்
பக்கத்துப் பெட்டி ஹில்துரிடம் கடன் வாங்கினேன்.

கோர்த்து முடித்த அன்று
கழகச் செயலாளர் வந்தார், நீலப் பென்சிலோடு.
ஒன்பது பக்கத்துக்கும் ஒரே கோடு.
"இது மக்கள் கலை அல்ல, முணுமுணுப்பு."

அச்சேறாத பக்கத்தையும் பிரித்தாக வேண்டும்.
ஒவ்வோர் எழுத்தாக எடுத்து
அதனதன் அறையில் போட்டேன்.
கோர்க்கும்போது படித்ததில்லை நான்.
பிரிக்கும்போதுதான் பாட்டு விரலில் ஏறியது.
மறுநாள் அதே ஈயத்தில்
வெண்ணெய் விலைப் பட்டியல் அடித்தோம்,
திருச்சபை ஏலம் ஒன்றும்.

எல்மினா மெய்ப்புப் பார்க்க வந்தாள்.
சேறு காயாத பூட்ஸ். நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
நாலுக்குப் பிறகு ஐந்து இல்லை,
நாலே இல்லை என்று கண்டதும்
நாற்காலி கேட்டாள். உட்காரவில்லை.
"நீ படித்தாயா?"
இல்லை என்றேன்.
வேலை போய்விடும் என்ற பயம்.

பிற்பாடு மனைவியின் சம்பளம் யாருடையது என்று
பதினாறு பக்கத்தில் ஒரு பிரசுரம் போட்டாள்,
முழுப் பெயரில்.
பள்ளிக்கூட வேலை போனது.
நுரையீரலில் சளி கட்டி
நாற்பத்தாறு வயதில் செத்தாள்.
செய்தித்தாளில் நாலு வரி. நான்தான் கோர்த்தேன்.
"திருமதி" என்று எழுதி வந்திருந்தது;
அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி கை கழுவும்போது
கரி போகாத விரல்கள்
சில சமயம் அதைச் சொல்லிப் பார்க்கும்:
கல்லே, நீயும்.
ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும்
எவ்வளவு தேய்த்தும் வருவதில்லை.