போகும்போது கடல் இடப்பக்கம்

போகும்போது கடல் இடப்பக்கம்,
வரும்போது வலம்.
வெள்ளவத்தையில் வெளிக்கிட்டு
பம்பலப்பிட்டி ஸ்டேஷன் மதிலைத்
தொட்டுத்தான் திரும்ப வேணும்,
எனக்கும் துஷ்யந்திக்கும் ஒப்பந்தம்.

நூற்றித் தொண்ணூறு கலோரி
என்கிறது கைக்கடிகாரம்.
இவ்வளவு வியர்வையில் வந்த எண்ணை
ஒரு மாலு பாண்
நாலே கடியில் விழுங்கிவிடும்.
மணம் மரைன் டிரைவ் வரைக்கும் வருகிறது.

முதல் மாதம்
நடந்ததற்குக் கூலியாகத் தின்றேன்.
அடுத்த மாதம்
தின்றதற்குத் தண்டனையாக நடந்தேன்.
பார்மசித் தராசு
இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.
"செருப்பைக் கழட்டிப் பாருங்கோ அக்கா"
என்றான் கவுண்டர் பெடியன்.
கழட்டினேன்.
முந்நூறு கிராம் குறைந்தது.
செருப்பு.

இப்போது அரிசியைச் சுண்டில் அளக்கிறேன்,
தலைதட்டி, கூம்பாமல்.
சொதியை மட்டும் அளக்க
மனம் வரவில்லை.
முழங்கால் நோகாத நாட்களில்
மதிலைத் தாண்டியும் நடக்கிறோம்.
சாறிப் பிளவுசில் ஒரு கொக்கி
சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கிறது.

நேற்று மழை.
பேக்கரித் தாழ்வாரத்தில் ஒதுங்கி
ஒரேயொரு மாலு பாண் வாங்கி
இரண்டாய்ப் பிய்த்தோம்.
மாத்தறை ரயில் நனைந்தபடி போனது.
பாதி நடை, பாதி பாண்,
கணக்குச் சரி என்றாள் அவள்.
பெரிய பாதி அவள் கையில் இருந்தது.