அகலக்கால்

இடுப்பில் நூற்றிருபத்திரண்டு மில்லிமீட்டர்.
உர்மத் டேப்பைச் சுருட்டிவிட்டு
"இது பலகையில்லை, கதவு" என்றான்.
நிலக்கரிக் குழியில் பதினெட்டு வருடம் குனிந்தவன்,
ஒடுக்கமானதை மட்டும் நம்புவான்.

முழங்கால் முறிந்த பின்லாந்துக்காரர் ஒருவர்
ஊன்றுகோலோடு விமானம் ஏறப்போன அன்று
அய்சிரெக்கிடம் விட்டுப்போன ஜோடி.
ஆரஞ்சு நிறம்.
மூக்கு மேல்நோக்கி வளைந்து
யாரையோ முகர்ந்து பார்ப்பதுபோல்
சுவரில் சாய்ந்து நிற்கும்.

அகல உழுவதைவிட ஆழ உழு.
அகலக்கால் வைக்காதே.
மண்ணை நம்பியவர்கள் சொன்னவை,
மண்ணுக்குச் சரி.
ஜிர்கலானுக்கு மேலே, பிப்ரவரியில்,
இரவெல்லாம் விழுந்து
இன்னும் தன் எடையை அறியாத பனியில்
ஆழ உழுதவன் அங்கேயே நிற்பான்
மே மாதம் வரை.

நான் கீழே குதிரைகளோடு நின்றேன்.
வாக்கிடாக்கியில் அவள் எண்ணுவது கேட்டது.
பனியில் குழி வெட்டி, ஒரு தூணைப் பிரித்து,
அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுகிறாள்:
மணிக்கட்டிலிருந்து பத்து.
முழங்கையிலிருந்து பத்து.
தோளிலிருந்து பத்து.
எந்த அடுக்கும் வழுக்கவில்லை.
"வரேன்" என்றாள். கருவி கரகரத்து ஓய்ந்தது.

சத்தமே இல்லை, அதை முதலில் சொல்லவேண்டும்.
உரசல் இல்லை, விளிம்பின் கிறீச்சிடல் இல்லை.
மாவு சலிக்கையில் சல்லடைக்குக் கீழே எழுமே
அந்தப் புகை போன்ற ஒன்று
ஒவ்வொரு திருப்பத்திலும் அவளை
மார்புவரை விழுங்கி
வேண்டாமென்று துப்பியது.
குதிரைகள்கூடக் காதை நிமிர்த்தின,
கேட்க ஒன்றும் இல்லாததால்.
நாலு. அஞ்சு. ஆறு.
ஏழாவது திருப்பத்தில்
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தனியே போயிற்று.

புதைந்திருந்த பாறை. கட்டு கழன்றுவிட்டது.
இருட்டும்வரை தேடினோம்,
நீளக் கம்பியால் கட்டம் கட்டமாகக் குத்தி.
கதவளவு பொருள்!
மிதப்பதற்கென்றே செய்த சாமான்
ஆள் இறங்கியதும்
மூழ்கக் கற்றுக்கொண்டது.
ஒரு கால் மிதக்க, மறுகால் இடுப்புவரை புதைய
அய்சிரெக் கீழே வந்து சேர்ந்தாள்.
வழியெல்லாம் பாறையைத் திட்டினாள், கட்டைத் திட்டினாள்,
அதைச் செய்த தொழிற்சாலையைத் திட்டினாள்.
பின்லாந்துக்காரரை மட்டும் விட்டுவிட்டாள்,
அவருக்கு ஏற்கெனவே முழங்கால் போயிற்று.

பிறகு பனி நீராகி
நீர் புல்லாகி
செம்மறிகள் மேலே போயின.

ஜூலையில் ஒருநாள்
பயணிகளின் மூட்டைகளைக் குதிரைகளில் ஏற்றிப் போகையில்
குபாட்டின் கூடாரத்தருகே, ஓடைக்குக் குறுக்கே
ஆரஞ்சுப் பாலம்.
அதன்மேல் ஒரு ஆடு.
நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

"என்னுடையது" என்றாள் அய்சிரெக்.
"இருக்கலாம்" என்றான் குபாட், பால் வாளியை இறக்காமல்.
"என் பெண்டாட்டி தினம் நாலு தடவை இதில்தான் தண்ணிக்குப் போறா.
வேறொண்ணு கொண்டுவந்து போட்டுட்டு
எடுத்துக்கோ."
நியாயம்தான். அவளுக்குப் பதில் வரவில்லை.
ஆடு நகர்ந்ததும் ரப்பர் பூட்ஸோடு அதன்மேல் ஏறி,
குறுக்காக நின்று, முழங்காலை லேசாக மடக்கினாள்.
பலகை வளைந்தது. நிமிர்ந்தது.
கீழே தண்ணீர், போன பிப்ரவரியின் பனி,
அவளை அடையாளம் தெரியாமல் ஓடியது.

உர்மத்திடம் சொன்னபோது சிரிக்கவில்லை.
எழுந்துபோய்
கரிக்கொட்டகையின் கதவைக் கீலோடு கழற்றி
என் குதிரைமேல் கட்டினான்.
"அகலமா இருக்குதா பார்" என்றான்.

இப்போது நவம்பர்.
விளிம்பில் துரு, அடியில் குளம்புக் கீறல்கள்.
அவள் மெழுகுவர்த்தியை உருக்கி ஒவ்வொன்றாக நிரப்புகிறாள்.
கட்டின் இடுக்கில் காய்ந்த புழுக்கை இரண்டு,
ஊசியால் குத்தியும் வரவில்லை.
வெளியே, கதவில்லாத கரிக்கொட்டகைக்குள்
பனி விழ ஆரம்பித்திருக்கிறது.